கணையப் புள்ளியை அழுத்தினால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாக உள்ளங்காலில் எரிச்சலும் விரல்களில் மதமதப்பும் இருக்கின்றன. உள்ளங்காலின் கணையப் புள்ளியைத் தொடர்ந்து அழுத்தினால் சர்க்கரை கட்டுக்குள் வரும், மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்று பாத ரிஃப்ளெக்ஸாலஜி நிலையம் ஒன்றில் சொல்கிறார்கள். அழைத்துச் செல்லலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்லும் இடத்துக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பாதத்தை அழுத்திவிடுவதே கூடாதா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை, அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பாதத்தின் புள்ளிகளை அழுத்தி உள்ளுறுப்புகளைச் சீராக்கலாம் என்னும் இந்த ரிஃப்ளெக்ஸாலஜி முறை பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எகிப்தின் சக்காராவில், ஏறத்தாழ 4,300 ஆண்டுகளுக்கு முந்தைய அங்க்மாஹோர் கல்லறையில், சிலர் மற்றவர்களின் கைகால்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் புடைப்புச் சிற்பம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அது நகம் திருத்தும் காட்சி என்று கருதுவோரும் உண்டு. எப்படியிருந்தாலும், உள்ளுறுப்புகளைப் பாதத்தில் பொருத்திக் காட்டும் வரைபடம் அதில் இல்லை. அந்த வரைபடம் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் உருவானது. காது மூக்கு தொண்டை மருத்துவரான வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடலைத் தலை முதல் கால் வரை பத்து நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தின் ஓரிடத்தில் அழுத்தினால் அதே மண்டலத்தின் வேறிடத்தில் வலி குறையும் என்று 1917-இல் வெளியான நூலில் எழுதினார். உடல் இயக்கச் சிகிச்சையாளரான யூனிஸ் இங்ஹாம் 1930-களில் இக்கருத்தைப் பாதத்துக்குள் சுருக்கி, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓரிடம் குறித்தார். பின்னாளில் தைவானில் பணியாற்றிய சுவிட்சர்லாந்துப் பாதிரியார் யோசெஃப் ஓய்க்ஸ்டர் இதை அங்கே பரப்பினார். நம் வர்மத்தை இதனுடன் சேர்த்துப் பேசுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அது வேறு மரபு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சரியன்று.

வரைபடத்தின்படி கால் விரல்கள் தலைக்கும், விரல்களுக்குக் கீழுள்ள மேடு மார்புக்கும் நுரையீரலுக்கும், நடுப்பள்ளம் இரைப்பை, கணையம் முதலியவற்றுக்கும், குதிகால் இடுப்புப் பகுதிக்கும், பாதத்தின் உள்விளிம்பு முதுகெலும்புக்கும் உரியவை. சிகிச்சையாளர் தன் கைக் கட்டைவிரலின் கணுவை மடக்கி நிமிர்த்தி, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் சிறிது சிறிதாக நகர்த்தி அழுத்திக்கொண்டே போவார். நறநறவென்று தட்டுப்படும் இடத்தில் படிகங்கள் தேங்கியிருப்பதாகவும், அவற்றை உடைத்தால் அந்த உறுப்பு சீராகும் என்றும் சிலர் விளக்குவார்கள். அப்படிப்பட்ட படிகங்களை எவரும் நிறுவிக் காட்டியதில்லை. பாதத்தின் உணர்வு நரம்புகள் கால் வழியே மேலேறித் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியைச் சென்றடைகின்றன. கணையத்துக்குரிய நரம்புகள் மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்தும் வருகின்றன. பாதத்தின் ஒரு புள்ளியைக் கணையத்தோடு இணைக்கும் தனிப் பாதை உடற்கூற்றியலில் இல்லை. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் விவரம் தெரியாத இரு ரிஃப்ளெக்ஸாலஜி சிகிச்சையாளர்கள் 18 பேரின் பாதங்களைப் பார்த்தார்கள். அவர்களால் நோயைச் சரியாகக் கணிக்க முடியவில்லை, இருவரின் கணிப்பும் ஒத்துப்போகவுமில்லை.

இதனால் பாதம் பிடித்துவிடுவதில் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். அரைமணி நேரம் ஒருவர் அக்கறையோடு பாதத்தை அழுத்திவிட்டால் உடல் தளர்ந்து, மனம் அமைதியடைந்து, நல்ல தூக்கம் வரலாம். அந்த ஆறுதல் உண்மையானது, முதியவர்களுக்கு அது பெரிய விஷயம். அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 385 பெண்களிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறல் ஓரளவு குறைந்தது, அன்றாட உடலியக்கமும் ஓரளவு மேம்பட்டது. வலியிலும் குமட்டலிலும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் எந்த நோயையும் இது குணப்படுத்துகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்த பேராசிரியர் எட்சார்ட் எர்ன்ஸ்ட் 2009-இல் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து முடிவு கூறினார்.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் எனக்குள்ள கவலை அந்த மதமதப்பைப் பற்றியதுதான். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்துக்குச் சூடும் வலியும் சரியாகத் தெரியாது. அழுத்துவதற்கு முன் வெந்நீரில் காலை ஊறவைப்பது பல நிலையங்களில் வழக்கம். அம்மாவுக்குச் சூடாகத் தெரியாத வெந்நீர் கொப்புளத்தை உண்டாக்கிவிடலாம். மரக்குச்சியால் அழுத்தினாலும், முள்முள்ளான அக்குபிரஷர் செருப்பில் நடந்தாலும், பூங்காவின் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு போனாலும் இதே ஆபத்து உண்டு. காயம் கண்ணுக்குத் தெரிவதற்குள் சீழ் வைத்திருக்கும்.

ஆகவே முதலில் மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். கால் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் எரிச்சலும் மதமதப்பும் வரக்கூடும் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்யக்கூடிய குறை அது.

உணர்ச்சி நன்றாக இருந்து, புண், வீக்கம், இரத்தக்கட்டு எதுவும் இல்லையென்றால், நீங்களே வீட்டில் கையால் மெதுவாகப் பிடித்துவிடுங்கள். சிறிது தேங்காய் எண்ணெய் போதும். விரலிடுக்கில் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும். அம்மா எழுந்து நடக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பிடித்துவிடும்போதே உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். சிவப்போ கொப்புளமோ தென்பட்டால், வலியில்லை என்று அம்மா சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.