பழைய கார் பிரேக் பிடிக்கையில் நடுங்கினால் வாங்கலாமா?

கிளிநொச்சியில் பார்த்த பழைய கார் பிரேக் பிடிக்கையில் நடுங்குவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏ9 வீதியில் மாங்குளத்துப் பக்கம், பின்னால் வாகனம் வராத நேரம் பார்த்து, 70 கிலோமீற்றர் வேகத்திலிருந்து சீராகப் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஸ்டியரிங் கையில் உதறினால் பெரும்பாலும் முன் சில்லுகளின் பிரேக் தட்டுகளான டிஸ்க்குகளின் தடிப்பு சீரற்றுப் போயிருக்கும். இருக்கையும் மிதியும் மட்டும் துடித்தால் பின் சில்லுகளின் பிரேக் டிரம் வட்டம் தப்பியிருக்கலாம். பிரேக்கைத் தொடாமலே நடுங்கினால் ரயரைப் பாருங்கள். (சடுதியாக அழுத்துகையில், சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், மிதியை உதைப்பது கோளாறன்று.)

மாரி மழையில் நின்ற வண்டியின் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, சில தடவை பிரேக் பிடித்ததும் தேய்ந்துவிடும். ஆனால், ஆறிய டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் வருடும்போது திட்டு தட்டுப்பட்டால் அது தேய்மானமே. டிஸ்க்கைக் கடைந்து சமப்படுத்தித் தருவதாக விற்பவர் சொன்னால், டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிப்புக்கு மேல் மிச்சமிருக்கிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க் மாற்றும் செலவுக்கு நான் அஞ்சமாட்டேன். கிரவல் வீதிகளில் ஓடித் தளர்ந்த, சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள இறப்பர் புஷ்களுக்கே அஞ்சுவேன்.