கேள்வி பதில்: மெய்நிகர் உலகில் மொழி படிக்கும் பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது?

வந்தாறுமூலை, பல்கலைக்கழக மாணவி: அக்கா, செகண்ட் லைஃப் மாதிரி, கணினித் திரைக்குள் நடமாடிப் பேசிப் பழகும் ஓர் உலகில் பிள்ளைகளை விட்டு ஆய்வு செய்யப்போகிறேன். முடிவில் பரீட்சை வைத்தால் போதாதா?

போதாது தங்கச்சி. விடைக்கு எந்த வழியால் வந்தார்கள் என்று பரீட்சை சொல்லாது. அதற்கு இரண்டு முறை இருக்கிறது. வேலை செய்துகொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வைப்பது ஒன்று. திரையைப் பதிவு செய்து, முடிந்த கையோடு போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் என்ன நினைத்தாய்?" என்று கேட்பது மற்றது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1953இலேயே வகுப்பின் ஒலிப்பதிவை மாணவருக்குப் போட்டு இப்படிக் கேட்டிருக்கிறார்.

காத்தான்குடி, ஆசிரியர்: இதில் எது நல்லது?

பேச்சுப் பயிற்சி என்றால் இரண்டாவதுதான், சேர். கடைக்காரரோடு சிங்களத்தில் பேசுகிற பிள்ளை அதே நேரம் எங்களோடும் எப்படிப் பேசும்? வாசிப்பு, எழுத்துச் சாட் என்றால் முதலாவது பொருந்தும்.

கல்லடியில் ஒரு பையனை மெய்நிகர்ச் சந்தைக்கு அனுப்பினேன். மரக்கறிக் கடைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். விலை கேட்கத் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டேன். பதிவைப் போட்டதும் சொன்னான்: "'கீயத' தெரியும் மிஸ். 'மேக்க'வா 'அரக்க'வா எண்டுதான் யோசிச்சன். எனக்குக் கிட்ட தெரியுது, அவன் தூரத்துல நிக்கான்." 'கீயத' என்றால் சிங்களத்தில் 'எவ்வளவு'. 'அவன்' என்றது அவனுடைய அவதாரை, திரையில் அவனுக்குப் பதிலாக நடமாடும் உருவத்தை. கமெராவைக் கிட்டக் கொண்டுபோய்க் கத்தரிக்காயைப் பார்த்திருக்கிறான், அவதாரோ வாசலில். 'மேக்க', அதாவது 'இது' என்பதா, 'அரக்க', அதாவது 'அது' என்பதா? அந்த மௌனத்துக்குள் இவ்வளவு கணக்கு இருந்தது. பதிவு இல்லாவிட்டால் அவனை மொழி தெரியாதவன் என்றே எழுதியிருப்பேன்.

கல்முனை, ஆய்வு மாணவர்: நடுவில் நிறுத்தி "ஏன் அப்படிச் செய்தாய்" என்று கேட்கலாமா?

வேண்டாம் தம்பி. தொடக்கத்தில் நானும் அப்படித்தான் கேட்டேன். பிள்ளைகள் எனக்குப் பிடித்த காரணமாகத் தேடிச் சொன்னார்கள், அந்தத் தரவு முழுக்க வீண். உளவியல் ஆய்வாளர்கள் எரிக்சனும் சைமனும் 1980இல் எழுதியது இதைத்தான்: மனதில் இருப்பதை அப்படியே சொன்னால் வேகம் கொஞ்சம் குறையலாம், சிந்தனையின் போக்கு பெரிதாக மாறாது, காரணம் விளக்கச் சொன்னால் சிந்தனையே மாறிவிடும். பிள்ளை பேசாமல் இருந்தால் "சொல்லிக்கொண்டே செய்" என்பதோடு நிறுத்துங்கள்.

அக்கரைப்பற்று, ஆசிரியை: எந்த மொழியில் சொல்லச் சொல்வது?

வீட்டில் பேசுகிற தமிழில். அதைத் திருத்தாமல், சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள் மிஸ்.

வாழைச்சேனை, ஆசிரியர்: எங்கள் பாடசாலையில் இணையம் நிலையாக இல்லை.

ஓப்பன் சிமுலேட்டர் என்று மெய்நிகர் உலகை நடத்தும் மென்பொருள் இருக்கிறது, அது இலவசம், சேர். ஆய்வுகூடத்தில் ஒரு கணினியில் போட்டால் மற்றவை உள்வலையமைப்பால் அதில் சேரும், வெளி இணையம் தேவையில்லை. பழைய கணினி திணறும்; இரண்டு மூன்று பிள்ளைகளோடு தொடங்குங்கள். பதிவு செய்யுமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள்.