அரோரா ஓய்வுக்குப் போனால் அதை ஓட்டுகிறவன் என்ன செய்வான்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். தங்கையின் மகனுக்குக் கனடா வான்படையில் அரோரா என்கிற கடல் ரோந்து விமானப் பிரிவு கிடைக்கும்போல இருக்கிறது, அந்த விமானமோ 2030 அளவில் ஓய்வுக்குப் போகிறது, கிழட்டு மாட்டை நம்பி வண்டி கட்டலாமா, வேறு பிரிவு கேட்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் விமானி இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் வயல் செய்கிறவன். உனக்கென்ன தெரியும் என்று வருகிறவர்களுக்கு முதலே சொல்லி விடுகிறேன். என் அக்காவின் மகன் அதே அரோராவில்தான் விமானி. வன்கூவர் தீவிலுள்ள கொமொக்ஸ் தளத்தில் இருக்கிறான். இரகசியம் எதையும் அவன் என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. தொழிலைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் கதைத்திருக்கிறோம். மெசின் போனதால் வேலை போன கதை எனக்கும் இருக்கிறது, அதனால் அவன் சொல்வது எனக்கு விளங்கும்.

போகட்டும் என்பதுதான் என் பதில். விமானம் பழையதாகி நிற்பதால் விமானியின் தொழில் கெடுவதில்லை. பழையது போய்ப் புதியது வருவதற்கிடையில் எத்தனை வருடம் வெறுமனே கிடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிட்டனைப் பாருங்கள். 2010 மார்ச்சில் நிம்ரொட் ரோந்து விமானங்களை நிறுத்தினார்கள். அவற்றின் இடத்துக்கு வரவிருந்த புது நிம்ரொட்டையும் அதே வருடம் ஒக்டோபரில் செலவைக் குறைக்கவென்று கைவிட்டார்கள். சேவைக்கே வராத விமானங்களை வெட்டிப் பழைய இரும்பாக்கினார்கள். ஸ்கொட்லாந்தின் கின்லோஸ் தளத்தில் அடுத்த ரோந்து விமானம், ஒரு பி-8ஏ, வந்திறங்கியது 2020 பெப்ரவரியில். கிட்டத்தட்டப் பத்து வருடம். பறக்க விமானம் இல்லாமல் பத்து வருடம் இருந்தால் கைப்பழக்கம் போய்விடும், அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்காது. அதனால் ஒரு சிறு தொகையினரை மட்டும் அமெரிக்கா, கனடா, ஒஸ்திரேலியா, நியூசிலாந்துப் படைகளோடு பறக்க அனுப்பி வைத்தார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் விதைநெல். மருமகன் இதைச் சொன்னபோது வரம்பிலேயே இருந்துவிட்டேன். 2009 தொடக்கத்தில் இடம்பெயரும்போது அப்பா உழவு இயந்திரப் பெட்டியில் மூன்று மூடை விதைநெல் ஏற்றினார். இரண்டு வழியில் போயிற்று. மூன்றாவதைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். கடைசியில் அதையும் குற்றிக் கஞ்சி காய்ச்சினோம். 2010இல் திரும்பி வந்தபோது வயல் அப்படியே கிடந்தது, விதைக்க ஒரு கைப்பிடி இல்லை. ஆகவே அந்தப் பெயரை வைத்தவர்கள் என்ன பயத்தில் வைத்தார்கள் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தியா வேறு மாதிரிச் செய்தது. 1988 முதல் பறந்த டூ-142 ரோந்து விமானங்கள் 2017 மார்ச்சில் அரக்கோணம் கடற்படைத் தளத்தில் ஓய்வு பெற்றன. ஆனால் பி-8ஐ விமானங்கள் 2013இலேயே அந்தத் தளத்துக்கு வந்துவிட்டன. பழையதும் புதியதும் நாலு வருடம் ஒரே ஓடுபாதையில் நின்றன. கனடாவும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1980 முதல் பறக்கிற அரோராவின் இடத்துக்கு 14 பி-8ஏ வாங்க 2023 நவம்பரில் முடிவெடுத்தார்கள். அரோரா முழுதாக நிற்பதற்கு முன்பே அவை வர வேண்டும் என்பது திட்டம். அதனால்தான் பயப்பட வேண்டாம் என்கிறேன்.

கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. வயதான விமானம் பறக்கும் நேரத்தை விடப் பழுதுபார்க்கும் கொட்டகையில் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். இளம் விமானிக்குப் பறப்பு மணித்தியாலங்கள்தான் சேமிப்பு. அவை சேர்ந்தால்தான் இடது இருக்கைக்கு, அதாவது கப்டன் இருக்கைக்குப் போகலாம். விமானம் நின்றால் அவனும் நிற்பான். பிறகு புது விமானத்துக்கு மாறும்போது, அரோராவில் கப்டனாக இருந்தவனும் மறுபடி மாணவனாக இருந்து தொடங்க வேண்டும். யாரை முதலில் புதுப் பயிற்சிக்கு அனுப்புவது, யாரைக் கடைசி நாள்வரை பழையதில் வைத்திருப்பது என்பது இன்னொரு தலையிடி. கடைசிவரை நிற்கிறவன் வரிசையில் பின்னுக்குப் போகிறான். வீடு மாறவும் வேண்டி வரலாம். நியூசிலாந்தில் 1966 முதல் பறந்த ஒரையன் ரோந்து விமானங்கள் 2023 தை மாதத்தோடு நின்றன, படையணி ஒக்லாந்துப் பக்கத்து வெனுவாபாயிலிருந்து ஒஹாக்கியாவுக்கு மாறியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை எல்லாம் அதோடு சேர்ந்துதான். மற்றப் பக்கம், பி-8ஏ என்பது போயிங் 737இன் உடம்பு. படையை விட்டு வெளியே வருகிற நாளில் அது என்ன விமானம் என்று எந்த விமானக் கொம்பனிக்கும் விளக்க வேண்டி இராது.

உண்மையில் தொழில் போவது விமானிக்கு அல்ல. அரோராவில் இரண்டு விமானிகளுக்கும் நடுவில், சற்றுப் பின்னால் மூன்றாவது இருக்கை ஒன்று உண்டு. பறப்புப் பொறியியலாளரின் இருக்கை. நாலு எஞ்சினின் நெம்புகோல்களும் அவருடைய கைக்கு எட்டும் இடத்தில். எரிபொருளை மிச்சம் பிடித்து நெடுநேரம் கடலுக்கு மேல் நிற்க ஒரு எஞ்சினை அணைத்துவிட்டுப் பறப்பார்களாம், அந்த நேரத்தில் மற்ற மூன்றையும் காதால் கவனிக்கிறவர் அவர்தான். பி-8ஏயில் அந்த இருக்கையே இல்லை. உங்கள் கேள்வி விமானியைப் பற்றியது, சரி. ஆனால் மெசின் மாறும்போது உண்மையில் அடிபடுகிறவரை யாரும் கேட்பதில்லை.

என்னையும் யாரும் கேட்கவில்லை. மீளக்குடியேறிய பிறகு ஒருவரிடம் சூடடிக்கும் மெசின் ஓட்டினேன். காலபோக அறுவடை தொடங்கினால் இரவு பகல் தெரியாது. தூசி மூக்குக்குள் போய் இருமினால் கறுப்பாக வரும். கதிர்க்கட்டைக் கொடுக்கும்போது உருளையின் சத்தம் கொஞ்சம் இறுகினாலே ஈரக்கதிர் என்று தெரிந்துவிடும், கண்ணால் பார்க்கத் தேவையில்லை. வெட்டி அடிக்கிற பெரிய மெசின் வந்ததும் முதலாளி அதை வாங்கினார். நீதான் ஓட்டப்போகிறாய் என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். மெசின் வந்திறங்கிய அன்று அதில் வேறு ஊர்ப் பெடியன் ஒருவன் இருந்தான். புதுசு பழகியவன் அவன், உனக்குச் சரிவராது என்றார். மெசின் போனதை நான் ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை. சூடு அடிக்க மூன்று நாள் எடுத்த வயலை அது ஒரு பொழுதில் முடித்தது. முதலே சொல்லியிருந்தால் நானும் எங்கேயாவது பழகியிருப்பேன். அந்த ஆறு மாதத்தை என்னிடமிருந்து எடுத்ததைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்கு வெளியே போகிறேன் என்றாலும். உங்கள் தங்கை மகனும் என் மருமகனும் விமானி ஆனார்கள், நல்லது. என் மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் படித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. கிளிநொச்சிக்கு ரியூசன் போக விடிய ஐந்தரைக்கு றோட்டில் நிற்பாள். சீசன் ரிக்கற் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் பஸ் நிறுத்தாமலே போகும். சீருடைமேல் செம்மண் தூசி அப்பிக்கொண்டு திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. வன்னிப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் அந்தத் தரிப்பில் வந்து நின்று பார்க்கட்டும்.

இனி, படை விமானம் ஓட்டுகிறவனுக்கு வன்னியில் இருந்துகொண்டு வக்காலத்து வாங்குகிறாயா என்று கருத்துப் போட வருவீர்கள். வீட்டிலேயே அது நடந்துவிட்டது. 2024 தை மாதம் மருமகன் வந்திருந்தான். அம்மா முற்றத்தில் சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிளேன் ஓட்டுறாய் ராசா?"

"அரோரா, அம்மம்மா."

சுளகு நின்றது. "அவ்ரோவோ?"

தொண்ணூறாம் ஆண்டு அவ்ரோ என்றால் எங்களுக்குக் குண்டு போடுகிற பிளேன். பிறகு கிபிர் ஜெட், பிறகு நாள் முழுக்கத் தலைக்கு மேல் இரைகிற வண்டு, அதாவது ஆளில்லா வேவு விமானம். அம்மாவின் காதில் அதுதான் விழுந்தது. அவன் பக்கத்தில் குந்தியிருந்து போனில் படம் காட்டினான். "இது வேற, அம்மம்மா. நான் கடலைப் பாக்கிறவன். வள்ளம் காணாமல் போனால் போய்த் தேடுவம்." நீர்மூழ்கியைத் தேடி டோர்பிடோ போடக்கூடிய விமானம்தான் அது, அதையும் அவன் மறைக்கவில்லை. அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "தேடினால் அம்பிடுமோ?" என்று கேட்டார். என் தம்பியை 2009இலிருந்து தேடுகிற மனிசி அவர். மருமகன் "சில நேரம், அம்மம்மா" என்றான். வேறு பொய் எதுவும் சொல்லாமல் விட்டதற்காக அவனை நான் மதிக்கிறேன்.

அவன் இருக்கிற அதே தீவின் எஸ்குவைமால்ட் துறைமுகத்தில்தான் 2010 ஓகஸ்ட்டில் சன் சீ கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் அகதிகளாகப் போய் இறங்கினார்கள். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனும் அதில் இருந்தான். அந்தக் கடலை மேலே இருந்து பார்க்கிற விமானத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருப்பது எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

உங்கள் தங்கை மகன் பிரிவுக்குப் போன முதல் மாதத்திலேயே மேலதிகாரியிடம் நேராகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: புது விமானப் பயிற்சிக்கு என் முறை எந்த வருடம்? பதில் தெளிவாக இல்லாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், போக்குவரத்து விமானப் பிரிவோ பயிற்றுநர் வேலையோ கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். கொமொக்ஸா, கிழக்குக் கரையிலுள்ள கிறீன்வூட் தளமா என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். கொமொக்ஸ் என்றால் மருமகனிடம் சொல்லி வைக்கிறேன்.