கடலுக்கு அஞ்சாதவன், ஊசிக்கு மயங்கி விழுகிறேன்

கேள்வி: எனக்கு 42 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகில் வேலை. எட்டு நாளைக்கு முன் வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கெளுத்தி முள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. காயம் ஆறிவருகிறது. டெட்டனஸ் (இரண ஜன்னி) வராமல் தடுக்கும் டி.டி. ஊசி போட்டே ஆகவேண்டும் என்கிறாள் மனைவி. எனக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டும். பள்ளியில் தடுப்பூசி போட்ட அன்று மயங்கி விழுந்து, மேசை விளிம்பு பட்டு நெற்றி பிளந்தது. அதன் பிறகு ஊசிப் பக்கமே போனதில்லை. என் அப்பாவும் இப்படித்தான். இப்போது 10 வயது மகளும் ஊசி என்றால் அலறுகிறாள். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். இதற்கு மாத்திரை உண்டா, டாக்டர்?

பதில்: முதலில் அந்தக் காயம். எட்டு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். டெட்டனஸ் கிருமி உள்ளே போனால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 21 நாள் வரை ஆகும். நீங்கள் இன்னும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறீர்கள். மேல்தோல் ஆறியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முள் குத்திய ஆழமான காயம் இந்தக் கிருமிக்குத் தோதான இடம். தாடை இறுகினாலோ, வாயைத் திறக்கச் சிரமமாக இருந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் நாளைக் காலையே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பள்ளிக்குப் பிறகு ஊசியே போட்டதில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், டி.டி.யுடன் இன்னொரு ஊசியும் தேவையா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கையில் வீக்கமோ வலியோ மிச்சம் இருந்தால் முள் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பயம். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களுக்கு உடலைப் பற்றித் தெரியாது. பாம்பைக் கண்டு பயப்படுகிறவருக்கு இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும்; அவர் ஓடுவார், மயங்க மாட்டார். ஊசி, ரத்தம் பற்றிய பயம் வேறு வகை. அதில் அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரிகிறது, நாடித்துடிப்பும் குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைய, கண் இருட்டுகிறது. மனத்தை எவ்வளவு திடப்படுத்தினாலும் இந்த அனிச்சைச் செயல் கேட்காது. இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் அதிகம். உங்கள் வீட்டிலேயே மூன்று தலைமுறை இருக்கிறது.

மாத்திரையால் இது தீராது. ஆனால் எளிய பயிற்சி ஒன்று உண்டு. 1980களில் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் வகுத்தது. 'உடம்பைத் தளர்த்திக்கொள்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மயங்கி விழுகிறவருக்கு அது தவறான அறிவுரை. சரிகிற அழுத்தம் இன்னும் சரியும். நீங்கள் செய்யவேண்டியது நேர் எதிரானது. நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது உடம்பு எப்படி முறுக்கேறுகிறதோ, அப்படிக் கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை, 10 முதல் 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் விடுங்கள். விடும்போது முழுவதும் தொய்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு வந்தால் போதும். இதை ஐந்து முறை செய்யுங்கள். இன்று இரவே வீட்டில் பழகுங்கள்.

நாளைக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். உள்ளே போனதும், "எனக்கு மயக்கம் வரும், படுக்கவைத்துப் போடுங்கள்" என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல 20 வருடம் வெட்கப்பட்ட ஒருவர் ராயபுரத்தில் என்னிடம் சிகிச்சைக்கு வந்திருந்தார். படுக்கவைத்து ஊசி போட்டு முடித்தேன். கூரை விசிறியைப் பார்த்தபடி, "போட்டாச்சா?" என்று இரண்டு முறை கேட்டார். ஊசி ஏறும் கையை மட்டும் தளர்வாக விடுங்கள், இறுக்கிய தசையில் போட்டால் வலி கூடும்; மற்ற கையும் கால்களும் இறுகியிருக்கட்டும். முடிந்ததும் கால் மணி நேரம் படுத்திருந்து, மெல்ல எழுந்திருங்கள்.

பயத்தையே குறைக்க, ஊசியின் படத்தைப் பார்ப்பது, பிறகு முனையில்லாத சிரிஞ்சைக் கையில் பிடிப்பது, பிறகு இன்னொருவருக்கு ஊசி போடுவதைப் பார்ப்பது என்று படிப்படியாகப் பழக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் அதே இறுக்கப் பயிற்சி உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதைக் கேளுங்கள்.

மகளுக்கு 10 வயதில் போடவேண்டிய டி.டி. தடுப்பூசி இருக்கிறது. அவளை அழைத்துப் போகும்போது, "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள்; "சுருக்கென்று இருக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு ஒரு மணி நேரம் முன்பே தடவலாம். இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன்: "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் யாரும் அவளை மிரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.