எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆரணியில் ஒரு பழைய மாஸி 1035 டிராக்டரை எஞ்சின் பிரித்துப் போட்ட நிலையில் வாங்கினேன். சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சின். கிராங்க், கேம், டைமிங் கியர் வரை பூட்டியாகிவிட்டது. ஹெட் இன்னும் ஏற்றவில்லை. ஒரு மெக்கானிக் இது வலச்சுற்று என்கிறார். இன்னொருவர் இடச்சுற்று என்று அடித்துச் சொல்கிறார். செல்ஃப் மோட்டாரைத் தனியாக ஓட்டினால் பினியன் (ஃப்ளைவீலைச் சுற்றிவிடும் சிறு கியர்) முனை வலச்சுற்றாகச் சுழல்கிறது. பேட்டரி வயரை மாற்றித் தொட்டாலும் அதே பக்கம்தான். டேப்பெட்டும் பம்ப் டைமிங்கும் எந்தப் பக்கம் சுற்றி வைப்பது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டு மெக்கானிக்குகள் சொன்னதும் சரியாகவே இருக்கலாம். ஒருவர் ரேடியேட்டர் பக்கம் நின்று சொல்லியிருப்பார், மற்றவர் ஃப்ளைவீல் பக்கம் நின்று. சுவர்க் கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்க்க முடிந்தால் முள் இடப்பக்கம்தான் ஓடும். எங்கே நின்று பார்த்தது என்று சொல்லாத வரை திசை பாதித் தகவல்தான். உங்கள் எஞ்சின், ரேடியேட்டர் முன்னால் நின்று பார்த்தால் வலச்சுற்று. ஃப்ளைவீல் பக்கமிருந்து இடச்சுற்று. நம் பக்கம் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

ஆனால் பிரித்து வந்த எஞ்சினில் எந்தச் சாமான் எங்கிருந்து வந்ததோ தெரியாது. எனவே எங்கள் பேச்சையும் நம்பிப் பூட்டாமல், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட்டிடமே கேட்டுவிடுங்கள். ஹெட் ஏற்றாமல் இருப்பது நல்லதாகப் போயிற்று. வால்வு பிஸ்டனில் இடிக்கும் பயம் இல்லை. லைனர்கள் (சிலிண்டர் உறைகள்) மேலே எழும்பாதபடி ஹெட் ஸ்டட்களில் வாஷரும் நட்டும் போட்டு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு புஷ் ராடுகளையும் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பிகள்) அதனதன் இடத்தில் நிறுத்துங்கள். ஹெட்டைப் பக்கத்தில் வைத்து, சைலன்சர் பக்கம் போகும் வால்வு எது, ஏர் கிளீனர் பக்கத்திலிருந்து வரும் வால்வு எது என்று பார்த்து, அவற்றுக்குரிய ராடுகளில் சாக்பீஸால் ‘எ’ (எக்ஸாஸ்ட்), ‘இ’ (இன்லெட்) என்று குறித்துவிடுங்கள். பிறகு கட்டை விரலை ஒரு ராடின் தலையிலும் ஆள்காட்டி விரலை மற்றதன் தலையிலும் லேசாக வைத்துக்கொண்டு, இன்னொருவரை எஞ்சினை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள்.

எக்ஸாஸ்ட் ராடு ஏறி இறங்கும். அது முழுசாக இறங்கி முடிவதற்குள்ளேயே இன்லெட் ராடு ஏற ஆரம்பித்தால், அதுதான் சரியான திசை. முதலில் இன்லெட் ஏறி, அது இறங்கும்போதே எக்ஸாஸ்ட் தொடர்ந்தால் எதிர்த்திசை. புகையை வெளியே தள்ளிவிட்டுத்தான் புதுக் காற்றை இழுக்க முடியும் என்பதால் இந்த வரிசை மாறாது. டைமிங் கியரை ஒரு பல் தவறிப் பூட்டியிருந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது. எந்த ராடு முதலில் என்பதைக் கேமின் அரைப்பே தீர்மானித்துவிடுகிறது.

இன்னொரு சரிபார்ப்பும் செய்யலாம். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-2-3. ஒரு ராடு இறங்க மற்றது ஏறும் அந்தக் கட்டம் முதல் சிலிண்டரில் வந்த பிறகு, கிராங்க் 240 டிகிரி சுற்றியதும் இரண்டாவதில் வர வேண்டும், மேலும் 240 டிகிரியில் மூன்றாவதில். 1-3-2 என்று வந்தால் நீங்கள் பின்பக்கமாகச் சுற்றுகிறீர்கள்.

உங்கள் செல்ஃப் மோட்டார் சரியாகத்தான் சுற்றுகிறது. வெளிப்பல் கியர் இரண்டு சேர்ந்தால் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும். பின்பக்கம் பார்த்திருக்கும் பினியன் வலம் சுற்றினால், அதே பக்கமிருந்து பார்க்கும்போது ஃப்ளைவீல் இடம் சுற்றும். வயரை மாற்றியும் திசை மாறாததற்குக் காரணம், ஃபீல்டு காயிலிலும் ஆர்மேச்சரிலும் மின்னோட்டம் ஒன்றாகத் தலைகீழாவதுதான். நிரந்தரக் காந்தம் வைத்த புதுவகை மோட்டார் என்றால் திசை மாறியிருக்கும். இந்தச் சோதனையை வண்டியில் செய்யவே வேண்டாம். ஆல்டர்னேட்டர் டையோடு போய்விடும். வெளியே ஓட்டும்போதும் மோட்டாரை வைஸில் இறுக்கி, இரண்டு மூன்று விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். சுமையில்லாமல் வேகம் எகிறி ஆர்மேச்சர் சுற்று பிய்ந்துவிடும்.

ஃப்ளைவீலின் விளிம்பிலுள்ள ரிங் கியர் தேய்மானத்தைப் பார்த்துத் திசை சொல்வோரும் உண்டு. மூன்று சிலிண்டர் எஞ்சின் கம்ப்ரெஷனில் முட்டி நிற்பது மூன்று இடங்களில். பல்லும் அந்த மூன்று இடங்களில்தான் அதிகம் தேயும், அதுவும் பினியன் தள்ளும் ஒரு முகத்தில். நல்ல அடையாளம்தான். ஆனால் ரிங்கைச் சூடுபண்ணிக் கழற்றித் திருப்பிப் போடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அப்படித் திருப்பியிருந்தால் தேய்ந்த முகம் எதிர்ப்பக்கம் காட்டி ஏமாற்றும்.

திசை உறுதியானதும் டைமிங் வேலை முழுவதையும் அந்தத் திசையில் சுற்றியே செய்யுங்கள். கியர் பற்களுக்கிடையே சிறு இடைவெளி உண்டு. ஓடும் திசையில் வரும்போதுதான் அது ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்துங்கள். ஸ்பேனரைப் புல்லி நட்டில் போட்டுப் பின்னால் சுற்றினால் நட்டு கழன்று வரும். அதற்கு ஃப்ளைவீல் பல்லில் நெம்புவதே நல்லது.

டீசல் பம்ப் ரோட்டரி வகை என்றால் அதன் பெயர்த்தகட்டில் அம்புக்குறி இருக்கும். அது டிரைவ் முனையிலிருந்து பார்க்கும் திசை. மாற்றுத் திசைப் பம்பை மாட்டினால் உள்ளே டிரான்ஸ்ஃபர் பிரஷர் ஏறாது, நாசிலுக்கு டீசலே வராது. பின்பக்க ஆயில் சீலையும் கவனியுங்கள்: உதட்டில் சாய்ந்த கோடுகள் உள்ள சீலுக்குத் திசை உண்டு. மாற்றிப் போட்டால் எண்ணெயை உள்ளே தள்ளுவதற்குப் பதில் வெளியே இழுத்து கிளட்ச் பிளேட்டில் விடும். அப்புறம் வண்டியை இரண்டாகப் பிரித்தால்தான் சரிசெய்ய முடியும்.

கேள்வி: டிராக்டர் பி.டி.ஓ.வில் (பின்பக்கம் கருவிகளை ஓட்டும் தண்டு) பட்டை பெல்ட் போட்டுக் கிணற்று பம்ப் ஓட்டுகிறோம். எஞ்சின் திசையை வைத்துத்தான் பம்பை வைத்தோம். தண்ணீர் வருகிறது, ஆனால் மேல் தொட்டிக்கு ஏறவில்லை.
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: பம்ப் எதிர்த்திசையில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும், அழுத்தம்தான் இருக்காது. பி.டி.ஓ. தண்டு, டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் வலச்சுற்று. எஞ்சினோ அதே இடத்திலிருந்து பார்த்தால் இடச்சுற்று. நடுவில் கியர்பாக்ஸ் திசையை மாற்றிவிடுகிறது. நேர் பெல்ட் திசையை மாற்றாது. எட்டு போலக் குறுக்கே போட்ட பெல்ட் மாற்றும். பம்ப் உடம்பிலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் பெல்ட்டைக் குறுக்கே போடுங்கள். வி-பெல்ட்டாக இருந்தால் அது முடியாது. பம்பையே பெட்டோடு திருப்பி வைக்க வேண்டும். மறுபடி ஓட்டும் முன் இம்பெல்லர் நட்டைச் சாவி போட்டு இறுக்குங்கள். தலைகீழாக ஓடிய பம்பில் அது தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.