பிரிண்டருக்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள்

கேள்வி: சின்னாளபட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். தினமும் 25, 30 பார்சல் போகிறது. நானும் மகளும் உட்கார்ந்து முகவரியைக் கையால் எழுதி ஒட்டி முடிக்க ராத்திரி 11 மணி ஆகிவிடுகிறது. போன மாதம் கூரியர் புக்கிங் மென்பொருள் ஒன்றில் கணக்குத் தொடங்கினேன். முதல் வாரமே ‘எடை வித்தியாசம்’ என்று வாலெட்டில் பணம் பிடித்துவிட்டார்கள். ஆறேழு பார்சல் திரும்பியும் வந்துவிட்டது. பழையபடி எழுதுவதே மேலா? தொடர்வதென்றால் எந்த பிரிண்டர் வாங்கலாம்?

பதில்: மென்பொருளை விட வேண்டாம். பிரிண்டரைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் பணம் போகிற ஓட்டை அங்கே இல்லை.

ஷிப்ராக்கெட், நிம்பஸ்போஸ்ட் போன்ற தளங்கள் பார்சலைச் சுமப்பதில்லை. பல கூரியர் நிறுவனங்களின் கட்டணத்தை ஒரே திரையில் காட்டும் இடைத்தரகர்கள் அவை. பின்கோடும் எடையும் கொடுத்தால் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று வரும். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ஏடபிள்யூபி நம்பர், அதாவது அந்தப் பார்சலுக்கான கண்காணிப்பு எண் விழும், லேபிள் பிடிஎஃப் ஆக இறங்கும், வாலெட்டில் காசு குறையும். இதுவரை எல்லாமே நீங்கள் தட்டிய எடையை நம்பித்தான் நடக்கிறது. கூரியரின் ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரிக்கும் மையத்தில், அதை மறுபடி நிறுக்கிறார்கள், நீள அகலமும் அளக்கிறார்கள். அங்கே கூடுதலாக வந்தால் வித்தியாசம் உங்கள் தலையில்.

இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று தராசு எடை. இன்னொன்று வால்யூமெட்ரிக் எடை: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்கள் சேலையை 30 × 25 × 8 செ.மீ. அட்டைப் பெட்டியில் வைத்தால் 6000 வகுத்தல் 5000, அதாவது 1.2 கிலோ. கட்டணம் அரை கிலோ அரை கிலோவாக ஏறும் என்பதால் ஒன்றரை கிலோவுக்குக் கட்டுவீர்கள். அதே சேலையை கூரியர் கவரில் தட்டையாக மடித்து 30 × 24 × 3 ஆக்கினால் 432 கிராம்தான்! பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான் இத்தனை நாள் காசு கொடுத்திருக்கிறீர்கள். மடிப்புக் கலையாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய அட்டை போதும்.

தராசு எடையிலும் இதே விளையாட்டு. சேலை, ப்ளவுஸ் பிட், கவர் எல்லாம் சேர்ந்து 480 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசையாக ஒரு நன்றி அட்டை, ஒரு மஞ்சள் குங்குமப் பொட்டலம் வைக்கிறோம். 505 ஆகிறது. அடுத்த ஸ்லாப்! குங்குமம் வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வைத்த பிறகு நிறுத்துப் பாருங்கள் என்கிறேன். சமையலறை டிஜிட்டல் தராசே போதும். லேபிள் ஒட்டிய பார்சலைத் தராசில் வைத்து, ஏடபிள்யூபி நம்பரும் எடையும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்தில் அளவு டேப் வைத்து இன்னொன்று. எடை வித்தியாசம் என்று அறிவிப்பு வந்தால் மறுப்புத் தெரிவிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள்; அதைத் தாண்டினால் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. அறிவிப்பு வந்த அன்றே படத்தைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது திரும்பி வந்த பார்சல்கள். அவை முகவரியால் வந்தனவா, கேஷ் ஆன் டெலிவரி கேட்டவர்கள் மனம் மாறியதால் வந்தனவா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது ரகத்துக்கு மென்பொருளில் முழு மருந்து இல்லை. போகிற கட்டணம், திரும்புகிற கட்டணம் இரண்டும் உங்களுடையவை. அனுப்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை உறுதி கேட்டுக்கொள்வது நல்லது.

முகவரி விஷயம் வேறு. கையால் எழுதிய காலத்தில் கவுண்டரில் இருப்பவர் ‘கோயம்புத்தூர்’ என்பதைப் படித்துப் பின்கோடு தப்பாக இருந்தாலும் திருத்திவிடுவார். இப்போது பார்சல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பின்கோடே தீர்மானிக்கிறது. 641 கோவை, இரண்டு எண் இடம் மாறி 614 ஆனால் மன்னார்குடிப் பக்கம் போய் நிற்கும். பின்கோடு போட்டதும் பல மென்பொருள்கள் ஊர்ப் பெயரைத் தானாக நிரப்பும். அந்த ஊரும் வாடிக்கையாளர் எழுதிய ஊரும் ஒன்றுதானா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஆர்டர்களை எக்செல்லில் போட்டு மொத்தமாக ஏற்றுகிறீர்கள் என்றால் போன் நம்பரைக் கவனியுங்கள். 91 சேர்த்து 12 இலக்கமாக எழுதினால் எக்செல் அதைச் சுருக்கி 9.19 என்று தொடங்கி நடுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்து போட்டுக் காட்டும். அப்படியே மென்பொருளில் ஏற்றும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் நம்பர் போனது போனதுதான். டெலிவரி பையன் யாருக்கு போன் செய்வான்? 91 இல்லாமல் 10 இலக்கம் மட்டும் போடுங்கள், அல்லது அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் தமிழில் வந்த முகவரியை அப்படியே ஒட்டாதீர்கள். சில லேபிள்களில் அது வெறும் கட்டம் கட்டமாக அச்சாகும். சரியாக அச்சானாலும் நாக்பூரில் பிரிப்பவர் படிக்க முடியாது.

லேபிள் ஒட்டும் முறையும் முக்கியம். நான் தொடங்கிய புதிதில் 30 லேபிளையும் ஒரே மூச்சில் எடுத்து, கட்டி அடுக்கிய கவர்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு போன் வந்தது. ஒரு லேபிள் தவறி, அதற்குப் பின் வந்த எல்லாமே ஒன்று தள்ளிப் போய்விட்டது. ஓசூருக்குப் போக வேண்டிய மெரூன் சேலை புனேயில் இறங்கியது. அப்புறம் புத்தி வந்தது: ஒரு சேலை, ஒரு கவர், ஒரு லேபிள், அது முடிந்த பிறகே அடுத்தது. லேபிள் அமைப்பில் பொருளின் பெயரும் குறியீடும் அச்சாகும்படி வைத்துக்கொண்டால் ஒட்டும்போதே கண்ணில் படும்.

பிக்கப் வருகிறவரிடம் மூட்டையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். மேனிஃபெஸ்ட் என்று ஒரு பட்டியல் மென்பொருளிலேயே கிடைக்கும். எண்ணி, ஸ்கேன் செய்யச் சொல்லி, அதில் கையெழுத்து வாங்குங்கள். ‘எங்களுக்கு வரவே இல்லை’ என்று பின்னால் சொன்னால் காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும்.

சரி, பிரிண்டர். வீட்டில் லேசர் பிரிண்டர் இருந்தால் முதல் இரண்டு மாதம் அதுவே போதும். ஏ4 தாளில் நான்கு லேபிள் வரும்படி அமைத்து வெட்டிக்கொள்ளலாம். இங்க்ஜெட் வேண்டாம், ஈரம் பட்டால் கரையும். வாங்குவதென்றால் சூட்டால் அச்சடிக்கும் 4 × 6 அங்குல தெர்மல் லேபிள் பிரிண்டர். அச்சின் நுணுக்கம் 203 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி) இருந்தால் பார்கோடுக்குத் தாராளம், மையும் தேவையில்லை. அச்சிடும்போது அளவை ‘ஆக்சுவல் சைஸ்’ என்று வையுங்கள். தாளுக்கேற்பச் சுருங்கிய பார்கோடு சில சமயம் ஸ்கேன் ஆகாது. பார்கோடு கவரின் மடிப்பில் விழக் கூடாது, அதன் மேல் பளபளக்கும் செல்லோ டேப்பும் கூடாது. லேபிள் ரோலை அடுப்புப் பக்கமோ வெயில் விழும் ஜன்னலோரமோ வைக்காதீர்கள். சூடு பட்டால் அச்சடிக்கும் முன்பே கறுத்துவிடும்.