முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டாம்

கேள்வி: மே விடுமுறைக்கு அண்ணன் குடும்பமும் தோழி குடும்பமும் வருகிறார்கள். குழந்தைகளோடு சேர்த்து எட்டுப் பேர். கடலூரில் ஒரு மீனவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு படகில் போய்த் தூண்டில் போட ஆசை. யாருக்கும் பழக்கமில்லை. 68 வயது அப்பாவும் வருவேன் என்கிறார். தடைக்காலம் வேறு. போகலாமா அக்கா?
- ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: தாராளமாகப் போகலாம் தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை. ஆனால் கடலுக்குள் போகாதீர்கள். முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றுக்கு உள்ளேயே தூண்டில் போடுங்கள்.

தேவனாம்பட்டினத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டு ஆண்கள் நடுக்கடலைவிட, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆறு வெளியே இழுக்கும், கடல் அலை எதிரே வரும். இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். பழகியவருக்கே அது சிரமம். குழந்தைகளோடு அந்த வழி எதற்கு?

மீனும் உள்ளேயே இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது பொடிமீனும் இறாலும் ஆற்றுக்குள் வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவா மீன் வரும். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், அந்த நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். அதனால் நீங்களாகத் தேதி குறிக்காமல், விடியற்காலையில் தண்ணீர் ஏறும் நாள் எது என்று படகுக்காரரைக் கேளுங்கள். வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடலாம்.

எட்டுப் பேரையும் ஒரே ஃபைபர் படகில் ஏற்றாதீர்கள். இரண்டு படகு பேசுங்கள். குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதல் நாளே கண்ணால் பாருங்கள். "இருக்குங்க" என்ற சொல் போதாது. இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன். காற்றைப் பார்த்துவிட்டுப் படகுக்காரர் இன்று வேண்டாம் என்றால் மறுபேச்சு பேசாமல் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கூலி போய்விடுமே என்று எந்த மீனவரும் உங்களுக்காகத் துணிந்து படகை எடுக்கிற நிலை வரவே கூடாது.

பிள்ளைகளுக்கு ராடு வேண்டாம், கைத்தூண்டில் கொடுங்கள். சின்னத் தூண்டில் முள்ளில் இறால் துண்டு கோத்து மணல் தரையில் இறக்கினால் கிழங்கான் மீன் கடிக்கும். தூண்டில் நரம்பு விரலில் துடிப்பது அவர்களுக்கு நேராகத் தெரியும், அந்தச் சந்தோஷமே தனி. கொடுவாவுக்கு உயிர் இறால்தான் சரி. நல்ல பெரிய கொடுவா மாட்டினால் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிடுங்கள். கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். பெரியது என்றால் பெரும்பாலும் முட்டையிடும் தாய்.

கெளுத்தி, ஓரா, திருக்கை மாட்டினால் யாரும் தொடக் கூடாது, படகுக்காரரே கழற்றட்டும். இந்த மீன்களின் முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டு வெந்நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கையை வைத்திருங்கள், வலி குறையும். பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். அப்புறம் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்பாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆற்றுக்குள் ஆட்டம் குறைவு. முன்பக்கம் வேண்டாம், படகின் நடுவில் உட்கார வையுங்கள். அவர் கையிலும் ஒரு தூண்டில் கொடுங்கள்.